இந்த ஆசை யாருடைய ஆசை?

(திருச்செந்தூரில் உப்பள, பனை, விவசாய, மில் தொழிலாளர்கள் கூடிய வகுப்பில் ஆற்றிய உரை)



இன்றைய வகுப்புக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, 'தன்னை அறிதல்' என்பது. இதைக் கேட்டவுடன் சிலர் சிரித்தீர்கள். "இது சாமியார் பேச வேண்டிய விஷயம் ஆச்சே, சங்கத்துக்காரருக்கு இதில் என்ன வேலை?" என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் கேட்டதும் நம் காதில் விழுந்தது. கேள்வி நியாயமானதுதான். சாமியார் சொல்வது வேறு, நாம் சொல்லப்போவது வேறு. கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார் என்பது அவர் கட்சி. கண்ணைத் திறந்துகொண்டு சுற்றிலும் பார், அப்போதுதான் உள்ளே இருப்பது என்னவென்று தெரியும் என்பது நம் கட்சி.

இந்தத் தலைப்பை நாம் எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற வருஷம் உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு தாயார் வீட்டுக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம். பிளஸ் டூ எழுதி முடித்த மகள். மில்லுக்கு ஆள் பிடிக்கும் தரகர் இரண்டு தடவை வந்து போய்விட்டார். மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால், முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொல்லியிருக்கிறார். "அனுப்பாதீங்க அம்மா" என்றோம். அந்தத் தாயார் கோபப்படவில்லை. நிதானமாகத்தான் கேட்டார்:

"அண்ணாச்சி, எம் மவளை நான் தள்ளிவிடல. அவளே ஆசைப்பட்டுத்தான் போறேங்கா. அவ ஆசையில மண்ணைப் போட நீங்க யாரு?"

நமக்குப் பதில் வரவில்லை. மேடையில் ஒரு மணி நேரம் பேசுகிற நாம், வாசற்படியில் பேச்சற்று நின்றோம். அந்தக் கேள்விக்கு அன்று சொல்லத் தெரியாத பதிலைத்தான் இன்று உங்கள் முன்னால் சொல்லிப் பார்க்கிறோம். சரியா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பாத்தி கட்டியது யார்?

ஆசை என்பது பிறக்கும்போதே கூடப் பிறப்பதா? பசி கூடப் பிறக்கிறது. தூக்கம் கூடப் பிறக்கிறது. ஆனால் 'சூப்பர்வைசர் ஆக வேண்டும்', 'ஐந்து பவுன் போட்டுக் கட்டிக்கொடுக்க வேண்டும்', 'துபாய்க்குப் போக வேண்டும்' என்பதெல்லாம் தொப்புள் கொடியோடு வந்தவையா?

உப்பளத் தோழர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. கடல் தண்ணீருக்குச் சொந்தமாக உருவம் கிடையாது. வாய்க்காலில் வந்தால் வாய்க்கால் அகலம். பாத்தியில் நின்றால் பாத்தியின் நீளம், பாத்தியின் அகலம். வரப்பு எங்கே இருக்கிறதோ, அங்கே தண்ணீர் நின்றுவிடுகிறது. 'நான் இங்கே நிற்கவே ஆசைப்பட்டேன்' என்று அந்தத் தண்ணீர் பேசினால் எப்படி இருக்கும்? நம் ஆசையும் அநேகமாக அப்படித்தான் பேசுகிறது, தோழர்களே. வரப்பைப் போட்டவன் யார் என்று தண்ணீருக்குத் தெரியாது. மனிதனுக்குத் தெரிந்துகொள்ள முடியும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது சின்ன வித்தியாசம் அல்ல.

பெரிய ஆபீசர் வீட்டுப் பிள்ளையிடம் "என்ன ஆகப்போகிறாய்?" என்று கேளுங்கள். டாக்டர், கலெக்டர், விஞ்ஞானி என்று நாலைந்து சொல்லும். அளத்துத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையிடம் கேளுங்கள். கேட்பதற்கு முன்னாலேயே அதன் அம்மா, "என்னத்த ஆவப் போவுது, ஏதோ கஞ்சி குடிச்சாப் போதும்" என்று பதில் சொல்லிவிடுவார். பிள்ளை வாய் திறப்பதற்குள் ஆசையின் அளவு முடிவாகிவிட்டது! கூலியைத்தான் முதலாளி அளந்து கொடுக்கிறான் என்று நினைக்கிறோம். ஆசையும் அளந்துதான் கொடுக்கப்படுகிறது. கூலி குறைந்தால் நமக்குத் தெரிகிறது. ஆசை குறைந்தது தெரிவதேயில்லை.

முத்தும் குளியாளும்

நம் கரையைப் பாருங்கள். மன்னார் வளைகுடாவின் முத்துக்கு இரண்டாயிரம் வருஷப் பெயர். கொற்கை நம் பக்கத்து ஊர்தான். பாண்டியன் ஆண்டான், போர்ச்சுக்கீசியன் வந்தான், டச்சுக்காரன் வந்தான், இங்கிலீஷ்காரன் வந்தான். முத்துச் சலாபம் யார் கையில் என்று அவர்கள் சண்டை போட்டார்கள். தண்ணீருக்குள் போனவன் மட்டும் மாறவில்லை.

குளியாள் கல்லில் கால் வைத்து, அதன் கனத்தில் பல பாகம் ஆழத்துக்கு இறங்குவார். மூச்சை அடக்கிக்கொண்டு, கிடைத்த சிப்பிகளைப் பையில் அள்ளிக்கொண்டு, கயிற்றை இழுத்துச் சைகை காட்டுவார். மேலே கயிறு பிடிப்பவர் கவனம் தவறினால் உயிர் போய்விடும். அதனால்தான் மச்சான் கையில்தான் கயிறு இருக்கும் என்று இந்தக் கரையில் இன்றும் சொல்கிறார்கள். தங்கை தாலிக்காவது பயப்படுவான் அல்லவா!

வெள்ளைக்காரன் காலத்துச் சலாபங்களில், எடுத்து வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. ஒரு பங்கு குளிக்கப் போனவர்களுக்கு. உயிரைப் பணயம் வைத்தவனுக்கு ஒன்று, கரையில் குடை பிடித்து நின்றவனுக்கு இரண்டு! அந்தக் குளியாளிடம், "என்ன வேண்டும் உனக்கு?" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "சுறா வராமல் இருக்க வேண்டும், சிப்பியில் நல்ல முத்து இருக்க வேண்டும்" என்றிருப்பார். "ஏன் எனக்கு ஒரு பங்கு, உனக்கு இரண்டு?" என்று கேட்பது அவருடைய ஆசைப் பட்டியலிலேயே இருந்திருக்காது.

இன்னொரு விஷயம். இலங்கைப் பக்கத்துச் சலாபங்களில் சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று மந்திரம் சொல்லும் 'கடல்கட்டி' என்பவர் இருந்தார். அவர் கரையில் இல்லாவிட்டால் குளியாட்கள் இறங்க மாட்டார்கள். மந்திரத்தை நம்பாத இங்கிலீஷ் சர்க்கார் அவரை வேலைக்கு வைத்துக்கொண்டது! குளியாளின் நம்பிக்கையை நாம் கேலி செய்ய வரவில்லை. சுறா உள்ள கடலில் வெறுங்கையோடு இறங்குகிறவனுக்கு ஏதோ ஒரு தைரியம் வேண்டும். நாம் பார்க்க வேண்டியது ஒன்றுதான். ஒரு நம்பிக்கை நம்மை வேலைக்கு இறக்குமானால், அதில் துளிகூட நம்பிக்கை இல்லாதவனும் அதற்குப் பணம் கொடுத்து வளர்ப்பான். நம் மனதில் இருக்கும் எதற்கு, யார் செலவு செய்கிறார்கள் என்று பார்க்கப் பழக வேண்டும்.

1961-ஆம் வருஷத்தோடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. பாடம் நிற்கவில்லை.

வெளியே நிற்கும் ஆசை

பனைத் தோழர்களுக்கு வருவோம். திருச்செந்தூர்ச் சீமையின் தேரி மணலில் பனையைத் தவிர வேறு என்ன நின்றது? உடன்குடிக் கருப்பட்டி ஊரெல்லாம் இனித்தது. தளைநாரைக் காலில் மாட்டி, காலையும் மாலையும் மரம் மரமாக ஏறிப் பாளை சீவியவர் உடம்பில் நெஞ்செல்லாம் காய்ப்பு. அடுப்படியில் பதநீர் காய்ச்சிய தாய்மார்களுக்குக் கண்ணெல்லாம் புகை. சாமிக்குப் படைக்கக் கருப்பட்டி உள்ளே போனது. கருப்பட்டி காய்ச்சியவரோ பெரிய கோயில்களின் வாசலுக்கு வெளியே நின்றார். பயிர் வைத்த பள்ளர், பறையர் இன்னும் தூரத்தில் நின்றார்கள்.

தடுத்தது கதவு மட்டுமா? இல்லை. "வெளியே நின்று கும்பிட்டால் போதும், உள்ளே போக ஆசைப்படுவதே பாவம்" என்று நெஞ்சுக்குள் ஒரு காவற்காரனை வைத்திருந்தார்கள். வாசலில் நிற்கும் காவற்காரனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். நெஞ்சுக்குள் நிற்பவனுக்குச் சம்பளம் கிடையாது. இரவும் பகலும் அவன் தூங்குவதும் கிடையாது.

1897-இல் கமுதியில் நாடார்கள் மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நுழைந்தார்கள். ராமநாதபுரம் ராஜா கேஸ் போட்டார். அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-இல் நுழைந்தவர்களுக்கு எதிராகவே தீர்ப்பானது. இங்கே ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த வழக்கில் நாடார்கள் தரப்பு, 'நாங்கள் க்ஷத்திரியர்' என்று உயர்வைக் காட்டியே வாதாடியது. 'மனிதர் எல்லாருக்கும் உரிமை' என்பது அந்தக் காலத்து வாதமாக இருக்கவில்லை. குற்றம் சொல்லவில்லை, தோழர்களே. அடக்குகிறவன் கொடுத்த அளவுகோலால்தான் அடங்கியவனும் முதலில் தன்னை அளந்துகொள்கிறான். மேல்படியில் இருப்பவனைப் போல ஆக வேண்டும் என்று ஆசை வருகிறது. படியே கூடாது என்ற ஆசை பிறகுதான் வருகிறது. மதுரைக் கோயிலுக்குள் 1939 ஜூலை 8-ஆம் தேதி அரிஜனத் தோழர்களும் ஒரு நாடாரும் சேர்ந்தே போனார்கள். 1947-இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. நேற்று பாவமாக இருந்த ஆசை இன்று சட்டமாகிவிட்டது. ஆசை மாறியதா, சாமி மாறியதா? யோசித்துப் பாருங்கள்.

1908: ஒரு ஞாயிற்றுக்கிழமை பிறந்த கதை

அந்த 1908-இலேயே தூத்துக்குடியில் வேறொன்று நடந்தது. மில் தோழர்கள் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

ஹார்வி கம்பெனியின் கோரல் மில். விடியுமுன் உள்ளே போய், இருட்டிய பின் வெளியே வரும் வேலை. பெற்ற பிள்ளையின் முகத்தைத் தூங்கும்போதுதான் பார்க்க முடியும். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்ற பேச்சே இல்லை. அந்தத் தொழிலாளியிடம் அதற்கு முந்தைய வருஷம், "உனக்கு என்ன ஆசை?" என்று கேட்டிருந்தால், "மேஸ்திரி திட்டாமல் இருந்தால் போதும்" என்றுதான் சொல்லியிருப்பார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆசைப்படுவது அவர் அறியாத சங்கதி.

வ. உ. சிதம்பரனார் அப்போது கப்பல் கம்பெனி நடத்திக்கொண்டிருந்த வக்கீல். அவரும் சுப்பிரமணிய சிவாவும் மாலைதோறும் கூட்டம் போட்டுப் பேசினார்கள். தொழிலாளியும் வந்து மணலில் உட்கார்ந்து கேட்டார். 1908 பிப்ரவரி 27-இல் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே வந்தார்கள். கேட்டது மூன்று: கூலி உயர்வு வேண்டும், வேலை நேரம் குறைய வேண்டும், ஞாயிறு விடுமுறை வேண்டும். ஊர் ஜனங்கள் பணம் திரட்டிச் சோறு போட்டார்கள். ஒன்பது நாளில் கம்பெனி இறங்கி வந்தது. மூன்றும் கிடைத்தன.

ஒரு வாரம் கழிந்தது. மார்ச் 12-இல் வ.உ.சி.யையும் சிவாவையும் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் மாண்டார்கள். கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள். இந்தத் தடவை கூலிக்காக அல்ல! தலைவர்களைப் பிடித்ததற்காக நிறுத்தினார்கள். வண்டிக்காரர்கள், சவரத் தொழிலாளர்கள், நகரசபைத் தொழிலாளர்கள் எல்லாரும் சேர்ந்தார்கள். திலகருக்குத் தண்டனை கொடுத்ததற்காகப் பம்பாய் மில் தொழிலாளர்கள் ஆறு நாள் நிறுத்தியது ஜூலை மாதம். நம் தூத்துக்குடி அதற்கு நான்கு மாதம் முந்தியது.

இங்கேதான் நாம் நிறுத்தி யோசிக்க வேண்டும். பிப்ரவரியில் 'மேஸ்திரி திட்டாமல் இருந்தால் போதும்' என்று இருந்த மனிதர், மார்ச்சில் தன் கூலியை இழந்து இன்னொருவர் விடுதலைக்காகத் தெருவில் நிற்கிறார். ஆள் அதே ஆள்தான். உடம்பும் அதேதான். ஆசை மட்டும் எப்படி இவ்வளவு உயரம் வளர்ந்தது?

மூன்று காரணம் தெரிகிறது. முதலாவது, தன் கஷ்டம் தன்னுடையது மட்டுமல்ல, பக்கத்து மிஷின்காரனுக்கும் அதே கஷ்டம் என்று மணலில் உட்கார்ந்து பேசியபோது தெரிந்தது. தனியாக இருக்கும்போது அது 'என் தலையெழுத்து'. ஆயிரம் பேருக்கும் ஒரே எழுத்து என்றால் அது தலையெழுத்து அல்ல, கம்பெனி எழுதிய எழுத்து. இரண்டாவது, இந்த நிலைமை எப்போதும் இருந்ததல்ல, மனிதர் ஏற்படுத்தியது, ஆகவே மனிதரால் மாற்றக்கூடியது என்று தெரிந்தது. மூன்றாவதுதான் முக்கியம். செய்து பார்த்தார்கள், நடந்தது! ஒன்பது நாள் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒன்பது வருஷப் பிரசங்கம் சொல்லிக்கொடுத்திருக்காது. உலகத்தை மாற்றப் புறப்பட்டவன் அந்த வேலையிலேயே தானும் மாறிப்போகிறான் என்று மார்க்ஸ் எண்ணியது இதைத்தான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நமக்கு மழை, வெயில் போல இயற்கையாகத் தோன்றுகிறது. அதுவும் ஒரு மறதிதான். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் சட்டத் திருத்தம் சென்னைச் சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எல்லாம் எழுந்து நின்ற பிறகுதான், மே தினத்தன்று அது வாபஸ் என்று அறிவித்தார்கள். மறந்துபோன உரிமை நிலைத்து நிற்காது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

'சுமங்கலி' என்ற சொல்

இப்போது அந்தத் தாயாரின் கேள்விக்கு வருகிறோம். 1908-இல் மில் தொழிலாளியின் ஆசை வளர்ந்தது. நம் காலத்தில் மில்லுக்கு ஆள் பிடிக்க ஆசையையே தூண்டில் முள்ளாக்கிவிட்டார்கள்.

கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்து நூற்பு மில்களுக்கு நம் தென் மாவட்டங்களிலிருந்து இளம் பெண்களைத் திரட்டிய முறைக்கு 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர் வைத்தார்கள். எவ்வளவு சாமர்த்தியமான பெயர் பாருங்கள்! மூன்று வருஷம் விடுதியில் அடைபட்டு வேலை. முடிவில் முப்பதாயிரம், நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தத் தொகை. நடுவில் நோயில் விழுந்து வந்துவிட்டாலோ, பொறுக்க முடியாமல் வந்துவிட்டாலோ அந்தத் தொகையை இழந்தவர்கள் அநேகம். ஐரோப்பாவில் துணி வாங்குகிறவர்கள் வரைக்கும் இந்தக் கதை போய், 2011-இல் வெளிநாட்டு அமைப்புகள் அறிக்கையே வெளியிட்டன. எதிர்ப்புகளுக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள். பெயரைக் கைவிட்டவர்கள் எல்லாரும் முறையைக் கைவிட்டுவிடவில்லை.

கணக்குப் போடுவோம். மூன்று வருஷம் என்றால் 1,095 நாள். 40,000 ரூபாயை வகுத்தால் நாளொன்றுக்கு 37 ரூபாய்கூட வரவில்லை. அது பரிசா? இல்லை. அவளுக்குச் சேர வேண்டிய கூலியிலிருந்து பிடித்து வைத்த அவளுடைய சொந்தப் பணம்! தன் பணத்தையே தனக்குச் சீதனமாக வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிறாள் பெண்.

அந்தப் பெண் ஆசைப்பட்டது பொய்யா? பொய்யே அல்ல. அதைத்தான் நாம் அன்று புரிந்துகொள்ளவில்லை. அவள் ஆசை உண்மையானது. ஆனால் அந்த ஆசைக்கு யார் யார் பாத்தி கட்டினார்கள் என்று பார்க்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் பவுன் ஒரு வரப்பு. வரதட்சணையைத் தடை செய்து 1961-இலேயே சட்டம் போட்டாயிற்று, ஆனாலும் வரப்பு கரையவில்லை. மழை மாதங்களில் அளம் மூடிக் கிடக்கும்போது வாங்கிய கடன் இன்னொரு வரப்பு. காலேஜ் தூரம், பஸ் செலவு மூன்றாவது வரப்பு. 'பொம்பளப் பிள்ளையைச் சீக்கிரம் கரையேத்தணும்' என்ற ஊர்ப் பேச்சு நான்காவது. நான்கு பக்கமும் வரப்பு கட்டிவிட்டு, ஒரே ஒரு மடையைத் திறந்து வைத்தார்கள். தண்ணீர் அந்த வழியே ஓடியது. "பார், அதுவே ஆசைப்பட்டு ஓடுகிறது" என்று தரகர் சொல்கிறார்.

வரப்பு மாறினால் ஆசை மாறும் என்பதற்கும் சாட்சி உண்டு. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் தமிழக சர்க்கார் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் கொண்டுவந்தது. பின்னால் தாலிக்குத் தங்கமும் கொடுத்தார்கள். 2022-இல் அதை மாற்றி, சர்க்கார் பள்ளியில் படித்த பெண்கள் மேலே படித்தால் மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். உதவி செய்த சர்க்காரே ஒரு காலத்தில் பெண்ணின் லட்சியம் தாலி என்று நினைத்தது. பிறகு படிப்பு என்று நினைத்தது. லட்சியம் என்பது ஆகாயத்திலிருந்து விழுவதில்லை என்று இதிலிருந்தே தெரியவில்லையா?

நம் வீட்டுச் சங்கதி

ஊரைப் பற்றிப் பேசிவிட்டு நம்மை விட்டுவிட்டால் அது யோக்கியமாகாது. நம் கட்சியில் சுயவிமர்சனம் என்று ஒன்று உண்டு. அதன்படி ஒன்று சொல்கிறோம்.

நம் மகள் பத்தாவது முடித்தபோது, "ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படிக்கிறேன்" என்றாள். துறைமுகத்துப் பக்கம் வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாம் என்ன சொன்னோம் தெரியுமா? "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கும்மா நெருப்பு வேலை, டீச்சர் டிரெயினிங் போ" என்றோம். யோசித்துச் சொன்னதல்ல, வாய் தானாகப் பேசியது. அடுப்படியிலிருந்து வீட்டுக்காரம்மா, "மேடையில பேசுனதெல்லாம் செருப்போடே வாசல்ல விட்டுட்டு வந்துட்டீங்களோ?" என்று கேட்டார். இருபது வருஷம் முழுநேர ஊழியராக இருந்தும், நெஞ்சுக்குள்ளிருந்த பழைய காவற்காரன் உத்தியோகத்தை விடவில்லை! நமக்குத் தெரியாமலேயே நம் குரலில் அவன் பேசுகிறான். மகள் வெல்டிங்தான் படித்தாள். நாம் சொல்லிக்கொடுத்ததல்ல, அவளும் அவள் அம்மாவும் நமக்குச் சொல்லிக்கொடுத்தது.

ஆகவே தன்னை அறிதல் என்பது தனியாக உட்கார்ந்து முடிகிற காரியம் அல்ல. நம் முதுகை நாமே பார்க்க முடியாது. நம்மை நேசிக்கிற நாலு பேர் சொல்ல வேண்டும். கேட்கும் பொறுமை நமக்கு வேண்டும்.

இரண்டு பேச்சு, ஒரே தகப்பன்

பழைய காலத்தில் 'எல்லாம் விதி' என்றார்கள். இப்போது புதிதாக ஒரு பிரசங்கம் வந்திருக்கிறது. "மனம் வைத்தால் எதுவும் முடியும், முன்னேறாதவன் சோம்பேறி" என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விதி என்றவன், 'உன்னால் ஒன்றும் ஆகாது, சும்மா இரு' என்றான். இவன், 'எல்லாம் உன்னால்தான், தோற்றால் உன்னையே திட்டிக்கொள்' என்கிறான். அளத்துக்காரரைப் பற்றியும் கூலியைப் பற்றியும் இரண்டு பேருமே வாய் திறப்பதில்லை! இரண்டு பேச்சுக்கும் தகப்பன் ஒருவனே. தனி மனிதன் முயற்சி செய்ய வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஓடுகிறவன் காலை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் போதாது. காலில் கட்டிய கல்லையும் பார்க்க வேண்டும்.

போன வகுப்பில் ஒரு மில் தோழர் கெட்டிக்காரத்தனமாகக் கேட்டார்: "எல்லா ஆசையும் சமூகம் கொடுத்ததென்றால், உங்கள் ஆசையும் கட்சி கொடுத்ததுதானே? அது மட்டும் எப்படிச் சுத்தம்?" நல்ல கேள்வி. நம்முடையதும் கொடுக்கப்பட்டதுதான். காற்று இல்லாத இடத்தில் நின்று யாரும் மூச்சு விடுவதில்லை. ஆகையால் 'எங்கிருந்து வந்தது?' என்பதோடு நிறுத்தாமல், உரைத்துப் பார்க்க நாலு கேள்வி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று: இந்த ஆசை நிறைவேறினால் ஆதாயம் யாருக்கு?

இரண்டு: நாம் வேறு ஜாதியில், வேறு தெருவில், ஆணுக்குப் பதில் பெண்ணாகப் பிறந்திருந்தால் இதே ஆசை நமக்கு இருந்திருக்குமா?

மூன்று: இதை நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? 'சூப்பர்வைசர் ஆகி இவனுகளை ஒரு கை பார்க்கணும்' என்ற ஆசை வெளிச்சத்தில் நிற்காது.

நான்கு: நாம் ஏறும்போது நம்மோடு இருப்பவரும் ஏறுகிறாரா, அல்லது அவர் தோள் மிதிபடுகிறதா?

கட்சி கொடுத்த ஆசையையும் இந்த நான்கிலும் உரைத்துப் பாருங்கள். தேறாவிட்டால் எங்களிடம் வந்து கேளுங்கள். கேட்கத்தான் வகுப்பு.

கேட்டுப் பாருங்கள்

கடைசியாக ஒன்று. அந்தத் தாயார் வீட்டுக்கு நாம் மறுபடியும் போனோம். இந்தத் தடவை 'அனுப்பாதீங்க' என்று சொல்லவில்லை. மகளைக் கூப்பிட்டு, "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டோம். அந்தப் பிள்ளை வெகு நேரம் தரையைப் பார்த்தது. பிறகு சொன்னது:

"தெரியல மாமா. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

தோழர்களே, பதினேழு பதினெட்டு வருஷம் ஒரு பிள்ளை வளர்ந்திருக்கிறது. பெற்றோர் கேட்கவில்லை, பள்ளிக்கூடம் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, சங்கமும் கேட்கவில்லை. தரகர் ஒருவர்தான் வந்து, பதிலையும் கையோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் கெட்டிக்காரர் என்பதால் மட்டும் ஜெயிக்கவில்லை. நாம் யாரும் அங்கே இல்லாததால் ஜெயித்தார்.

அந்தத் தாயாரும் மகளும் அன்று ராத்திரி பேசினார்களாம். கடன் எவ்வளவு, காலேஜுக்கு எவ்வளவு, மில் என்றால் மாதச் சம்பளம் கைக்கு வருமா, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா, இஷ்டப்பட்ட நாளில் வீட்டுக்கு வர முடியுமா என்றெல்லாம் ஒரு தாளில் எழுதி, தரகரிடமே கேட்டார்கள். தரகர் அதற்கப்புறம் அந்தத் தெருப்பக்கம் வரவில்லை. பிள்ளை இப்போது காலேஜில் படிக்கிறது. கடன் தீர்ந்துவிடவில்லை. அளத்தில் தாயாரின் கால் வெடிப்பும் ஆறிவிடவில்லை. ஒரு பிள்ளை தப்பித்ததால் வரப்பு உடைந்துவிட்டதாக நாம் சொல்ல மாட்டோம். அடுத்த தெருவில் அதே தரகர் இருக்கிறார்.

ஆகவே ஒரு வேலை சொல்கிறோம். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையிடம், உங்கள் வீட்டுக்காரம்மாவிடம், "உனக்கு என்ன வேணும்?" என்று கேளுங்கள். பதிலை நீங்களே சொல்லிவிடாதீர்கள். அவர்கள் பேசும்வரை பொறுத்திருங்கள். பிறகு உங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். வந்த பதிலை அடுத்த ஞாயிற்றுக்கிழமை இங்கே கொண்டுவாருங்கள், சேர்ந்து உரைத்துப் பார்ப்போம். அந்த ஞாயிற்றுக்கிழமை 1908-இல் நம் முன்னோர் நமக்காக வாங்கி வைத்தது. தூங்குவதற்கும் அதில் இடம் உண்டு, யோசிப்பதற்கும் இடம் உண்டு.